லெயோனிலிருந்து ஒவியேதோவுக்கு ஐந்து நாள் நடை: சான் சல்வதோர் பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பரில் நடந்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் வந்த வரிசையில் இல்லை, எனக்கு முக்கியம் என்று பட்ட வரிசையில் இருக்கின்றன.

சந்தியாகோ பாதை தெரியும். இது என்ன பாதை?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற ஊர் இருக்கிறது. இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'சந்தியாகப்பர்' என்று கும்பிடுகிறார்களே, தங்கச்சிமடத்தில் கோயில்கூட இருக்கிறதே, அவரேதான். அந்த ஊரை நோக்கி ஐரோப்பா முழுவதிலிருந்தும் நடைபாதைகள் போகின்றன. அதிகம் பேர் நடப்பது பிரெஞ்சுப் பாதையில், அது லெயோன் நகரத்தின் வழியாகப் போகிறது.

லெயோனில் அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து நேராக வடக்கே திரும்பி, கந்தாப்ரிய மலைத்தொடரைத் தாண்டி, அஸ்தூரியாஸ் மாநிலத்தின் தலைநகரான ஒவியேதோவின் பேராலயத்தில் முடிகிற ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பாதைதான் சான் சல்வதோர் பாதை. சல்வதோர் என்றால் மீட்பர், அதாவது இயேசுவே. அங்கே ஒரு பழமொழி உண்டு: சந்தியாகோவுக்குப் போய்விட்டு சல்வதோரைப் பார்க்காமல் வந்தவன், வேலைக்காரனைப் பார்த்துவிட்டு எசமானை விட்டுவிட்டு வந்தவன். இடைக்காலத்தில் லெயோன் வரை வந்த யாத்ரீகர்களில் பலர் இதை மனதில் வைத்து மலை ஏறியிருக்கிறார்கள்.

பிரெஞ்சுப் பாதையை விட்டுவிட்டு இதை ஏன் எடுக்க வேண்டும்?

ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் பெரும்பாலோர் செய்வது, பிரெஞ்சுப் பாதையின் கடைசி 115 கிலோமீட்டரை சாரியா என்ற ஊரிலிருந்து நடப்பது. தவறில்லை. ஆனால் 2024-ல் மட்டும் எல்லாப் பாதைகளிலுமாக ஏறத்தாழ 5 லட்சம் பேர் சந்தியாகோவில் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள், அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தக் கடைசித் துண்டில் நெருங்குகிறார்கள். கோடையில் அதிகாலையிலேயே படுக்கைக்கு ஓட வேண்டிய நிலை.

இங்கே இரண்டாம் நாள் முழுக்க நான் பார்த்த யாத்ரீகர்கள் மூன்று பேர். அதே ஒரு வாரத்தில் தொடக்கம், மலை உச்சி, இறக்கம், முடிவு என்று முழுமையான ஒரு யாத்திரை கிடைத்துவிடுகிறது. ஏதோ நீண்ட பாதையின் வாலை மட்டும் நடந்தது போல இருக்காது. எனக்கு இதுதான் பெரிய காரணம்.

நான் கிறிஸ்தவர் இல்லை. நடக்கலாமா?

தாராளமாக. யாரும் கேட்க மாட்டார்கள். பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ நடந்து போனவர்களுக்கு இதன் மனநிலை உடனே புரியும். ஒரே வித்தியாசம், நம் பாதயாத்திரையில் வழிநெடுகப் பந்தலும் மோரும் ஆட்களும் இருப்பார்கள், இங்கே மணிக்கணக்கில் நீங்களும் மாட்டு மணிச் சத்தமும் மட்டும்தான்.

எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

ஐந்து நாள். நான்கில் முடிப்பவர்களும் உண்டு, நான் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் லெயோனிலிருந்து லா ரோப்லா, சுமார் 27 கிலோமீட்டர். நகரத்தில் சான் மார்கோஸ் என்ற பழைய மடத்தின் முன்னால் பாதை பிரிகிறது. பிரெஞ்சுப் பாதைக்காரர்கள் பாலத்தைத் தாண்டிப் போவார்கள், நீங்கள் பெர்னெஸ்கா ஆற்றை ஒட்டி மேலே போக வேண்டும். கர்பஹால் என்ற ஊர் வரை சாலையும் வீடுகளும், அதன்பிறகு கருவாலிக் காட்டுக்குள் ஏறி இறங்கும் செம்மண் தடம். லா ரோப்லா நிலக்கரியால் வளர்ந்த ஊர், அழகுக்காக யாரும் வருவதில்லை. ஆனால் கடைகள் இருக்கின்றன, அதுதான் முக்கியம்.

இரண்டாம் நாள் லா ரோப்லாவிலிருந்து போலாதூரா தே லா தேர்சியா, 24 கிலோமீட்டர். போலா தே கோர்தோன் வரை பள்ளத்தாக்கில் எளிதான நடை. புய்சா என்ற சிற்றூரைத் தாண்டியதும் ஏற்றம். ஃபோர்காதாஸ் தே சான் அந்தோன் என்ற கணவாய் ஏறத்தாழ 1,460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரங்கள் தீர்ந்து புல்லும் சுண்ணாம்புப் பாறையும் மட்டும் மிஞ்சுகிற இடத்தில் திரும்பிப் பார்த்தால் முதல் நாள் நடந்த சமவெளி மங்கலாகத் தெரியும்.

மூன்றாம் நாள் போலாதூராவிலிருந்து பஹாரெஸ் கிராமம், வெறும் 15 கிலோமீட்டர்தான், ஆனால் பாதையின் உயிர் இந்த நாளில்தான் இருக்கிறது. தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான்காம் நாள் பஹாரெஸிலிருந்து போலா தே லேனா, 25 கிலோமீட்டர் சுமார். சுமார் 1,000 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்கு இறங்குகிறீர்கள், நடுவில் மறுபடி மறுபடி ஏறவும் வேண்டும். மலையின் தெற்குப் பக்கம் காய்ந்த மஞ்சள், வடக்குப் பக்கம் கண்ணைப் பறிக்கிற பச்சை, ஒரே இரவில் நாடு மாறியது போல இருக்கும். சான் மிகேல் தெல் ரியோ, யானோஸ் தே சோமெரோன், எரியாஸ் என்று பத்து இருபது வீடுகள் உள்ள ஊர்கள். கஸ்தானியா என்ற செஸ்ட்நட் மரங்களின் கீழ் ஈரத் தடம் வழுக்கும். என் முட்டி இந்த நாளில்தான் பேச ஆரம்பித்தது, ஊன்றுகோல் இரண்டு இல்லாமல் இந்த இறக்கத்துக்கு வராதீர்கள். ஊருக்குச் சற்று முன்னால் மேட்டின்மேல் சாந்தா கிறிஸ்தினா தே லேனா என்ற 9ஆம் நூற்றாண்டுக் கற்கோயில் நிற்கிறது. மிகச் சிறியது, உள்ளே கல் வளைவுகளால் ஆன ஒரு தடுப்பு, அதற்கு அப்பால் பீடம். எவ்வளவு களைத்திருந்தாலும் அந்த மேட்டில் ஏறிவிடுங்கள். திறக்கும் நேரத்தை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் ஒவியேதோ, 30 கிலோமீட்டருக்கு மேல். மியேரெஸ் வரை ஆற்றங்கரைத் தார்ப்பாதை, சுரங்கத் தொழில் ஊர்கள், அப்புறம் பத்ரூன் ஏற்றம். ஒல்யோனியேகோவில் ஒரு பழைய கல் பாலம் புல்வெளியில் தனியாக நிற்கும், கீழே ஆறு இல்லை. வெள்ளத்தில் ஆறு தடம் மாறிப் போய்விட்டது, பாலம் மட்டும் நின்றுவிட்டது. இந்த நாள் மிக நீளம் என்று நினைப்பவர்கள் மியேரெஸில் ஒரு இரவு தங்கி ஆறு நாளாக்கிக்கொள்ளலாம், அதில் எந்தக் குறையும் இல்லை.

அந்த மலை நாள் எவ்வளவு கடினம்? வழி தவறிவிடுமா?

போலாதூராவிலிருந்து கிளம்பியதுமே ஏற்றம்தான். பாதையின் மிக உயர்ந்த இடம் ஏறத்தாழ 1,570 மீட்டர். கயிறு, பாறை ஏற்றம் எதுவும் கிடையாது, வெள்ளியங்கிரி ஏறியவர்கள் இதைக் கஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள். பிரச்சினை உயரம் இல்லை, பனிமூட்டம். வடக்கே கடல் இருக்கிறது, அங்கிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் முட்டி அரை மணி நேரத்தில் எதிரே பத்தடிகூடத் தெரியாமல் செய்துவிடும். மேலே தடம் என்று ஒன்று தெளிவாக இருக்காது, புல்லில் மாடுகள் போட்ட தடங்கள் நாலு பக்கமும் போகும். மஞ்சள் அம்புகளும் யாத்திரையின் அடையாளமான சிப்பி பொருத்திய கம்பங்களும் இருக்கின்றன. அடுத்த கம்பம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு நகருங்கள், தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

நான் செய்தது இதுதான்: முந்தைய நாள் இரவே ஸ்பெயின் அரசு வானிலை நிறுவனமான ஆஎமெத்தின் மலைப்பகுதி முன்னறிவிப்பைப் பார்த்தேன், பாதையின் ஜிபிஎஸ் தடத்தை ஃபோனில் இறக்கி வைத்திருந்தேன், காலையில் மேகம் இறங்கியிருந்ததால் பத்து மணி வரை காத்திருந்தேன். 15 கிலோமீட்டர்தானே, பகல் பொழுது நிறைய இருக்கிறது. அவசரத்துக்கு 112. மேலே பல இடங்களில் சிக்னல் கிடையாது என்பதால், தங்கும் இடத்தில் யாரிடமாவது எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

உச்சியைத் தாண்டி இறங்கினால் ஆர்பாஸ் என்ற இடத்தில் 12ஆம் நூற்றாண்டுக் கோயில். கணவாயைக் கடக்கும் யாத்ரீகர்களுக்கு ஒரு காலத்தில் இங்கே துறவிகள் சோறும் படுக்கையும் கொடுத்தார்கள். கோயில் கட்டும்போது கல் இழுத்த மாட்டைக் கரடி அடித்துக் கொன்றதாகவும், அந்தக் கரடியையே பிடித்து நுகத்தில் பூட்டியதாகவும் கதை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 1,378 மீட்டர் உயரப் பஹாரெஸ் கணவாய். அங்கே நின்று வடக்கே பார்த்த அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் மறுபடி போவேன்.

எந்த மாதம் நல்லது?

ஜூன், செப்டம்பர். மே முதல் அக்டோபர் வரை போகலாம். குளிர்காலத்தில் மேலே பனி கொட்டிக் கிடக்கும், ஏப்ரலில்கூட மிச்சம் இருக்கலாம், அப்போது போகாதீர்கள். எந்த மாதம் போனாலும் அஸ்தூரியாஸில் மழை வரும்.

நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் இல்லை, அந்தக் கணக்கில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். அங்கே 'கார்னே' என்றால் இறைச்சி, ஆனால் பலர் நினைப்பில் பன்றித் தொடைக் கறியான ஹமோன் அதில் சேராது, டியூனா மீனும் சேராது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மேலே டியூனா தூவிய சாலட் சிரித்த முகத்தோடு வரும். "சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்" என்று மூன்றையும் சொல்ல வேண்டும். 'சின்' என்றால் இல்லாமல். பருப்புக் குழம்பு போலத் தெரியும் லெந்தேஹாஸில் பெரும்பாலும் சோரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். அஸ்தூரியாஸின் பெருமையான ஃபபாதா வெள்ளை மொச்சை போன்ற பயறுதான், ஆனால் அது வேகுவதே பன்றிக் கொழுப்பிலும் இரத்தத் தொத்திறைச்சியிலும். கேட்காமல் வாங்காதீர்கள்.

தைரியமாகச் சாப்பிடக் கூடியது உருளைக்கிழங்கும் முட்டையும் போட்ட தோர்த்தியா (வெங்காயம் இருக்கலாம்), ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, பழம், வறுத்த பச்சை மிளகாய். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் சமைத்துக்கொள்வதே நல்லது. சில விடுதிகளில் அடுப்பு இருக்கிறது. கால் கிலோ அரிசியும் கொஞ்சம் பருப்புப்பொடியும் என்னிடம் இருந்தன, போலாதூராவில் குளிரில் நடுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த அன்று அந்தச் சூடான சோறு என்னைக் காப்பாற்றியது. இந்தியாவிலிருந்து பொடி கொண்டு போகலாம், பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லை.

கடையைப் பற்றி ஒன்று. போலா தே கோர்தோனை விட்டுவிட்டால் நான்காம் நாள் கம்பொமானெஸ் வரும் வரை கடையை நம்ப முடியாது. அதாவது ஏறத்தாழ இரண்டு நாளுக்கு உங்கள் பையில் இருப்பதுதான். கடைகள் மதியம் இரண்டு மணிக்கு மூடி ஐந்துக்குத் திறக்கும், ஞாயிறு பெரும்பாலும் மூடல். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் நாளாக வராதபடி கிளம்பும் தேதியைப் பாருங்கள். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நாலு வரை, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்னால் கிடைப்பது அரிது.

தங்குவது எங்கே? முன்பதிவு வேண்டுமா?

யாத்ரீகர் விடுதிக்கு அங்கே 'அல்பெர்கே' என்று பெயர். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, இரவு பத்து மணிக்கு விளக்கு அணைப்பு. இந்தப் பாதையில் பெரும்பாலானவை ஊராட்சிகள் நடத்துபவை, சில இடங்களில் உங்களால் முடிந்ததை உண்டியலில் போடலாம். அங்கே 'உங்களால் முடிந்தது' என்பதை இலவசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பணத்தில்தான் அடுத்த ஆளுக்கு வெந்நீர் ஓடுகிறது.

போலாதூராவிலும் பஹாரெஸிலும் படுக்கைகள் குறைவு, அடுத்த ஊர் தூரம். முந்தைய நாளே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். நான் இணையத்தில் முன்பதிவு செய்த ஒரு சின்ன விடுதி அன்று திறக்கவே இல்லை, வாசலில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் வேறு இடம் காட்டினார். அதிலிருந்து குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் நான் எதையும் நம்புவதில்லை.

யாத்ரீகர் அட்டை, சான்றிதழ்?

அட்டைக்கு 'க்ரெதென்சியால்' என்று பெயர். லெயோனில் பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்து விடுதியில் கிடைக்கும். தங்கும் இடம், கோயில், காப்பிக்கடை என்று வழியில் முத்திரை வாங்கிக்கொண்டே போய் ஒவியேதோ பேராலயத்தில் காட்டினால் 'சல்வதோரானா' என்ற சான்றிதழ் தருவார்கள். இதை வைத்து சந்தியாகோ சான்றிதழ் கேட்க முடியாது, அதற்கு சந்தியாகோவில் முடியும்படி குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும்.

தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பா?

நான் தனியாகத்தான் போனேன். மனிதர்களால் எனக்குப் பயம் வந்த நிமிடம் ஒன்றுகூட இல்லை. உண்மையான கவலை, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கால் பிசகினால் என்ன செய்வது என்பதுதான். அதனால் மலை நாளில் மட்டும் முந்தைய இரவு விடுதியில் இருந்தவர்களோடு சேர்ந்து, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நடந்தேன்.

நாய்கள்: மந்தைக் காவலுக்கு மஸ்தீன் என்ற பெரிய நாய்கள் உண்டு, கன்றுக்குட்டி அளவு இருக்கும். ஓநாயிடமிருந்து ஆட்டைக் காப்பது அதன் வேலை. ஓடாதீர்கள், கோலை ஓங்காதீர்கள், மந்தையைச் சுற்றி விலகி மெதுவாகப் போங்கள். அப்புறம் மேய்ச்சல் வேலிக் கதவுகளைத் திறந்தால் மறக்காமல் மூடிவிட்டுப் போங்கள்.

பையில் என்ன எடுக்க வேண்டும்?

உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மழை அங்கி, காற்றுத் தடுப்பு மேல்சட்டை, மூன்று ஜோடி கம்பளிக் காலுறை, மெல்லிய தூக்கப்பை, இரண்டு லிட்டர் தண்ணீர் வைக்க வழி, கொப்புள ஒட்டு. புதுக் காலணியோடு விமானம் ஏறவே ஏறாதீர்கள். மூன்று மாதம் முன்னாலேயே வாங்கி, பையில் எடை போட்டு, மாடிப்படி ஏறி இறங்குங்கள், முக்கியமாக இறங்குங்கள். சமதளத்தில் பத்து கிலோமீட்டர் நடப்பது மட்டும் இந்த மலைக்குப் போதாது.

விசா, செலவு?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. தங்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், அல்பெர்கேக்கள் அதைத் தர மாட்டா. மாட்ரிட், லெயோன், ஒவியேதோ விடுதிப் பதிவுகளோடு, எந்த நாள் எந்த ஊர் என்று நடைத் திட்டத்தை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி இணைத்தேன். நடக்கும் நாட்களில் எனக்கு ஒரு நாளைக்கு 40 யூரோ ஆனது.

ஆங்கிலம் போதுமா?

லெயோனிலும் ஒவியேதோவிலும் ஓரளவு. நடுவில் போதாது. ஐம்பது ஸ்பானியச் சொற்கள் கற்றுக்கொண்டு போனால் அவர்கள் முகமே மாறும்.

ஒவியேதோவில் என்ன பார்ப்பது?

நேராகப் பேராலயத்துக்குப் போங்கள், பையைக்கூட இறக்காமல். உள்ளே சல்வதோரின் பழைய கற்சிலை இருக்கிறது, நடந்து வந்தது அவரைப் பார்க்கத்தான். பிறகு காமரா சாந்தா, அதாவது புனித அறை. இயேசுவின் முகத்தை மூடியதாக நம்பப்படும் துணி அங்கே பாதுகாக்கப்படுகிறது. திருப்பண்டங்கள் வைத்திருந்த புனிதப் பேழையை 1075-ல் மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோ முன்னிலையில் திறந்தார்கள் என்பது மரபு. 808-ல் செய்த தேவதூதர் சிலுவையும் 908-ல் செய்த வெற்றிச் சிலுவையும் அதே அறையில். 1934 அக்டோபரில் சுரங்கத் தொழிலாளர் எழுச்சியின்போது இந்த அறையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள், பிறகு மீண்டும் கட்டினார்கள். ஐந்தாம் நாள் அந்தச் சுரங்க ஊர்கள் வழியாகவே நடந்து வந்திருப்பதால் இந்தச் செய்தி வேறு மாதிரி மனதில் பதிகிறது.

அந்தத் துணியை மக்கள் முன் காட்டுவது ஆண்டில் மூன்று நாள்: புனித வெள்ளி, செப்டம்பர் 14, செப்டம்பர் 21. நான் 13ஆம் தேதி போய்ச் சேர்ந்து கூடுதலாக ஒரு நாள் தங்கினேன். கூட்டத்தில் கிழவர்கள் பலர் அழுதார்கள். தேதி ஒத்துவந்தால் இதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

அங்கிருந்து சந்தியாகோ வரை தொடரலாமா? இல்லையென்றால் எப்படித் திரும்புவது?

இன்னும் இரண்டு வாரம் இருந்தால் தொடருங்கள். பேராலயத்தின் வாசலிலேயே ஆதிப் பாதை தொடங்குகிறது, சுமார் 320 கிலோமீட்டர். 9ஆம் நூற்றாண்டில் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட செய்தி கேட்டு இரண்டாம் அல்ஃபோன்சோ மன்னர் ஒவியேதோவிலிருந்து புறப்பட்ட வழி அது என்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: அஸ்தூரியாஸில் சிப்பிக் குறியின் கோடுகள் கூடும் முனை காட்டும் திசையில் போக வேண்டும், சந்தியாகோ இருக்கும் கலீசியாவில் அது தலைகீழ். குழம்பினால் மஞ்சள் அம்பை மட்டும் பாருங்கள்.

திரும்புபவர்களுக்கு ஒவியேதோவிலிருந்து லெயோன் வழியாக மாட்ரிட் வரை ரயில். 2023 நவம்பரில் மலைக்கு அடியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை திறந்தார்கள், லெயோனுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன் போலா தே லேனா பக்கம் வரும், ஜன்னல் வழியாக மேட்டில் அந்தச் சின்னக் கற்கோயிலைத் தேடிக்கொண்டே இருங்கள், சட்டென்று போய்விடும்.